இஞ்சுக்கு இருபத்தாறு மரை

பன்னிரண்டு போல்ட்டுகள் என் பட்டறை மேசையின் இழுப்பறையில் கிடக்கின்றன. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. பார்த்தால் நல்ல வேலை என்றுதான் சொல்வார்கள். நானே கடைந்து, நானே மரை வெட்டி, தலையை வழவழப்பாக்கி, எண்ணெய் தடவிக் கொடுத்தவை. இழுப்பறை திறந்திருக்கும்போது எட்டிப் பார்க்கிறவர்கள், "நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி, ஏன் சும்மா போட்டு வச்சிருக்கிய?" என்று கேட்பதுண்டு. அவர்கள் வாயை அடைக்க, அவர்கள் கொண்டுவந்த சாமானில் ஏதாவது குற்றம் கண்டுபிடித்துக் கத்துவேன். கத்துவது எனக்குச் சுலபமாக வரும்.

டவுனிலிருந்து பேட்டை போகிற சாலையில் இருக்கிறது என் லேத் பட்டறை. ஒரு லேத், துளை போட ஒரு இயந்திரம், ஒரு சாணைக்கல், நான். பம்புசெட்டு ஷாஃப்ட், டிராக்டர் பின், அரிசி ஆலை உருளை என்று வருவதைச் செய்கிறேன். மரை வெட்டுவதில் என்னை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை என்று வெகுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஊரே சொன்னது என்று எழுதத்தான் ஆசை. நான் சொன்ன அளவுக்கு ஊர் சொல்லவில்லை.

அந்த ஆவணியில் ஒரு பெரியவர் பட்டறைக்கு வந்தார். எழுபதை ஒட்டிய வயது. வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டாத வேட்டி. பாபநாசம் மலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர். தோட்டத்தை மூடி எல்லோரும் கீழே இறங்கியபோது, மனைவியோடு விக்கிரமசிங்கபுரத்தில் வந்து குடியேறியிருந்தார். பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க வருவார். எதற்கு மாத்திரை என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து என் மேசையில் வைத்தார். வைத்த பொருளும் கையும் சேர்ந்து தகரத்தின் மேல் கடகடவென்று சத்தம் போட்டன. மற்றக் கையால் அந்தக் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல தம்பி, சும்மா இருந்தாத்தான் இது ஆடும். ஸ்பேனரப் புடிச்சா நின்னுரும்" என்றார்.

அப்படியெல்லாம் ஒரு நோய் உண்டா என்று என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போல. அவர் என் மேசையில் கிடந்த அரத்தை எடுத்து, ஓர் இரும்புத் துண்டின் முனையை இரண்டு இழுப்பு இழுத்துக் காட்டினார். கை நின்றுவிட்டது. கீழே வைத்ததும் மறுபடி ஆட ஆரம்பித்தது. கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன்.

அவர் கொண்டுவந்தது ஒரு பாதி போல்ட். தலையும் கொஞ்சம் உடம்பும் இருந்தன, மீதி முறிந்து போயிருந்தது. கூடவே அந்தக் காரின் வேறு இடத்திலிருந்து எடுத்த, அதே அளவுள்ள ஒரு நட்டு. தோட்டத்தில் துரைமார் இருந்த காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த கார் அது. பின்னால் வந்த அதிகாரிகள் யாரும் அதைத் தொடவில்லை. ஷெட்டுக்குள் மலை மழையையும் பனியையும் குடித்துக்கொண்டு வருடக்கணக்காகக் கிடந்தது. தோட்டத்தைக் காலி செய்தபோது, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று இவரிடம் சொல்லிவிட்டார்கள். லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்து, மூன்று வருடமாக ஒவ்வொன்றாகச் சரிசெய்திருக்கிறார். எஞ்சின் ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது, விளக்கு எரிகிறது. கதவுகள்தான் பாக்கி.

இரண்டு கதவுகளுக்கும் சேர்த்துக் கீல் போல்ட்டுகள் பன்னிரண்டு. எல்லாம் துருவேறிக் கழற்றும்போதே முறிந்துவிட்டன. கதவைத் தாங்கும் தூணுக்குள் கனத்த இரும்புக் கட்டை இருக்கிறது, அதில் ஆழமாக மரை வெட்டியிருக்கிறார்கள், அந்த மரை மட்டும் பழுதில்லாமல் நன்றாக இருக்கிறது என்றார்.

"கதவு இல்லாம ஓட்டிப் பாக்க வேண்டியதான அண்ணாச்சி, காத்து நல்லா வரும்" என்றேன். எனக்கு இப்படித்தான் வாய் நீளும்.

அவர் சிரிக்கவில்லை. "எம் வீட்டுக்காரிய முன் சீட்டுல உக்கார வச்சி, பாபநாசம் கோயில் வாசல் வரைக்கும் ஓட்டணும் தம்பி. முப்பது வருசமா கொழுந்து மூட்டையோட லாரிக்குப் பின்னாலதான் ஏறி வந்தா. கதவில்லாத வண்டியில அவள எப்படி ஏத்த?" என்றார். அவர் மனைவி அதே தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர்.

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. ஆயுத பூஜைக்கு முன்னால் தருகிறேன் என்று நானாகவே வாக்குக் கொடுத்தேன். பூஜையன்று வண்டிக்குப் பொட்டு வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, அப்படியே கோயிலுக்குப் போய்விடலாம் என்று அவர் முடிவு செய்தார்.

முதலில் கடையில் கிடைக்குமா என்று தேடினேன். டவுனில் எனக்குத் தெரிந்த இரும்புக் கடை எல்லாவற்றிலும் பாதி போல்ட்டைக் காட்டிவிட்டேன். எல்லா இடத்திலும் எம்.எம். அளவுதான் இருந்தது. இஞ்சு அளவில் சிலவற்றை ஒரு கடைக்காரர் மேல் தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார், ஆனால் மரை பெரிது பெரிதாக இருந்தது. மதுரையில் பழைய இரும்புச் சந்தை ஒன்றில் அரை நாள் குனிந்து தேடி இடுப்பு பிடித்ததுதான் மிச்சம். பஞ்சாலைகளில் கழித்துப்போட்ட பழைய இயந்திரங்களில் இதே மரை உண்டு. ஆனால் அதன் தலை அறுகோணம். இதன் தலை வேறு. சப்பையும் இல்லை, உருண்டையும் இல்லை, அப்பளம் லேசாக உப்பியதுபோல் ஒரு வளைவு. கீலில் குழிவாக இருக்கும் இடத்தில் போய் உட்கார வேண்டும். கடைசியில் நானே கடைவது என்று உட்கார்ந்தேன்.

மரை என்றால் போல்ட்டின் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடும் பள்ளம். ஓர் இஞ்சு நீளத்தில் அந்தப் பள்ளம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் கணக்கு. இதை அளக்க ஒரு கருவி உண்டு. சீப்பு மாதிரி பல் வெட்டிய மெல்லிய தகடுகள், விசிறிபோல் மடக்கி வைத்திருக்கும். ஒவ்வொரு தகடாக மரையில் வைத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். சரியான தகடு என்றால் இடையில் வெளிச்சம் ஒழுகாது. பெரியவரின் பாதி போல்ட்டில் இஞ்சுக்கு இருபத்தாறு என்ற தகடு அச்சாக உட்கார்ந்தது. சுவரில் சாக்பீஸால் '26' என்று எழுதி, மறக்காமல் இருக்க வட்டமும் போட்டேன். அதாவது, எனக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சப்பைக்கட்டு கட்ட எனக்கு இடம் இருக்கக் கூடாது.

பன்னிரண்டுக்கும் உடம்பைக் கடைந்து, தலைக்கு வளைவு கொடுத்து வைத்தேன். மரை மட்டும் பாக்கி. அதற்குள் பம்புசெட்டு வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து, நாளை நாளை என்று தள்ளிப்போய் ஆயுத பூஜை வந்துவிட்டது.

எங்கள் பட்டறைகளில் பூஜைக்கு முந்தின நாளே சாமான்கள் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிடுவோம். மறுநாள் காலையில் பலகையில் சிவப்புத் துணி விரித்து, ஸ்பேனர், அரம், அளவுக் கருவி, லேத்தின் பல்சக்கரங்கள் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைப்போம். பொட்டு வைத்தபின் மறுநாள் காலைவரை அவற்றை எடுத்து வேலை செய்யக் கூடாது. அவையும் ஒரு நாள் இளைப்பாறட்டும் என்பது வழக்கம். லேத்துக்கு மட்டும் நான் கடைசியில், சாயங்காலம்தான் பொட்டு வைப்பேன்.

பொட்டு வைத்து முடித்துக் கை கழுவிக்கொண்டு நின்றபோது பெரியவர் வந்து நின்றார். காலை முதல் பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறார். குளித்துத் திருநீறு பூசியிருந்தார். தெருவில் குலசைக் கோயில் தசராவுக்கு மாலை போட்டவர்கள் காளி வேஷமும் குரங்கு வேஷமும் கட்டி, மேளத்தோடு கடைகடையாக வந்துகொண்டிருந்தார்கள்.

"ஆச்சா தம்பி?" என்று கேட்டார்.

ஆகவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ரெண்டு மணி நேரம் இருங்க அண்ணாச்சி, மரை மட்டுந்தான்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

இருபத்தாறு மரை வெட்ட வேண்டுமானால் லேத்தில் அதற்கான பல்சக்கரங்களை மாற்றிப் பூட்ட வேண்டும். அந்தச் சக்கரங்கள் சந்தனப் பொட்டோடு பலகையில் இருந்தன. லேத்தில் பூட்டியிருந்தது முந்தின நாள் வேலைக்குப் போட்ட ஒரு எம்.எம். மரைக்கான சக்கரங்கள். ஒரு எம்.எம். மரை என்றால் இஞ்சுக்கு இருபத்தைந்தரைக்கும் ஒரு மயிரிழை குறைவு. இருபத்தாறுக்கும் அதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று என் மனம் கேட்டது. கேட்டதும் மனம், பதில் சொன்னதும் மனம். பொட்டு வைத்த சக்கரத்தை எடுக்கக் கை கூசியது. முறிந்த மாதிரிப் போல்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால், அளக்கும் தகடுகளும் பலகையில்தான் இருந்தன. சாமி குற்றத்துக்குப் பயந்தேன் என்று சொல்லிக்கொள்வேன். சோம்பலும் இருந்தது. பன்னிரண்டையும் ஒரு எம்.எம்.மில் வெட்டிவிட்டேன்.

அவர் கொண்டுவந்திருந்த பழைய நட்டைப் போட்டுப் பார்த்தேன். அது மெல்லிய நட்டு, உள்ளே ஐந்து சுற்று மரைதான் இருக்கும். வழுக்கிக்கொண்டு போனது. பெரியவர் வாங்கி, தானும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பன்னிரண்டிலும் நட்டு ஓடியது. அவர் கை ஒருமுறைகூட ஆடவில்லை.

"பாத்தியளா, வேலைன்னா நின்னுரும்" என்று சிரித்தார். அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். வாழை இலையில் பொட்டலம் கட்டிய பொரிகடலையையும் போல்ட்டுகளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

நான்கைந்து நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. ஓடிக்கொண்டிருந்த லேத்தை நிறுத்தாமலே பேசினேன்.

"தம்பி, சாமான் அருமையா இருக்கு. தலை அப்படியே பழைய தலை மாதிரியே இருக்கு" என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "மாட்டத்தான் முடியல. ஆறு ஏழு சுத்துப் போவுது, அப்புறம் இறுகி நின்னுருது. மரை கோணலா ஏறுதுன்னு நினைக்கேன். எங்கையிதான் நேராப் புடிக்க மாட்டேங்கு போல" என்றார்.

ஆறு ஏழு சுற்று என்று அவர் சொன்னதும் எனக்குள் சுருக்கென்றது. தொழில் தெரிந்தவனுக்கு அது போதும். மெல்லிய நட்டில் தெரியாத வித்தியாசம் ஆழமான துளையில் சுற்றுக்குச் சுற்று சேர்ந்து, ஏழாவது சுற்றில் கடித்து நிற்கும். லேத்தை நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, போல்ட்டக் கொண்டாங்க, ஒருக்கப் பாத்துருவோம்" என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். நான் சொன்னது இதுதான்: "வயசாவுதுல்லா அண்ணாச்சி. எல்லாத்தையும் நாமளே செய்யணும்னா எப்படி? கை நல்லா இருக்கிற ஆளா ஒருத்தன வச்சி மாட்டுங்க."

"அதுவுஞ் சரிதான்" என்றார். "சிரமத்துக்கு மன்னிச்சுக்கோங்க தம்பி" என்றும் சொன்னார். நான் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அந்த 'சுருக்'கும் அந்த வாரத்திலேயே அடங்கிவிட்டது.

தை மாதம் ஒரு அம்மா பட்டறை வாசலில் வந்து நின்றார். கையில் மஞ்சள் பை. நெற்றியில் ஒன்றுமில்லை. மெலிந்த உடம்பு, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் கறுத்துக் காய்த்துப் போயிருந்தன. மலைமேல் லாரி ஓட்டியவரின் மனைவி என்று சொன்னார். மார்கழிப் பனியில் நெஞ்சில் சளி கட்டி, ஒரு வாரம் படுத்து, அவர் போய்விட்டாராம். பையிலிருந்து என் போல்ட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு பழைய துணியில் பன்னிரண்டையும் வரிசையாகச் சுற்றி வைத்திருந்தார்.

"கதவு ரெண்டும் செவுத்துல சாஞ்சு நிக்கி தம்பி. மழை பெஞ்சா தண்ணியெல்லாம் சீட்டுல இறங்குது. நாயி ஏறிப் படுக்கு. அவுக ஆசையா வச்சிருந்த வண்டி. மாட்டிக் குடுத்தியள்னா மூடி வச்சிருவேன்" என்றார். "ஒங்க கையின்னா சட்டுனு போயிரும்."

அடுத்த நாளே போனேன். வீட்டின் பின்புறம் தகரம் வேய்ந்த கொட்டகை. கார் மூங்கில் இலைப் பச்சை நிறத்தில் நின்றது. அவ்வளவு சுத்தமாக ஒரு பழைய வண்டியை நான் பார்த்ததில்லை. கதவை அந்த அம்மா தூக்கிப் பிடிக்க, நான் முதல் போல்ட்டை விரலால் திருகினேன். ஆறு சுற்று சுகமாகப் போனது. ஏழாவதில் நின்றது. துளைக்குள் துரு இருக்கும் என்று மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். வேறொன்றைப் போட்டேன். அதுவும் ஏழில் நின்றது. மூன்றாவது, நான்காவது எல்லாம் ஏழில் நின்றன.

கதவைத் தாங்கிப் பிடித்தபடியே அந்த அம்மா பேசிக்கொண்டிருந்தார். "அன்னைக்கும் நான் இப்படித்தான் புடிச்சிட்டு நின்னேன். பூஜை அன்னைக்கி மத்தியானம் ஓடியாந்தாவ. என்னையக் குளிச்சிட்டு நல்ல சேல உடுத்திட்டு வரச் சொன்னாவ. பழம், பூ எல்லாம் வாங்கி வச்சிருந்தாவ. ஒண்ணொண்ணாப் போட்டுப் பாத்தாவ. போவல. பைய செய்ங்க, பைய செய்ங்கன்னு நாஞ் சொல்லுதேன். இருட்டுத வரைக்கும் பாத்துட்டு, அப்புறம் கையத் தொடச்சிட்டுப் போயி உக்காந்துட்டாவ."

நான் கையிலிருந்த போல்ட்டைத் துணியில் துடைத்தேன்.

"மறுபடியும் ரெண்டு மூணு நாளு பாத்தாவ. பொறவு ஒங்களுக்குப் போன் பண்ணுனாவ. அதோட விட்டுட்டாவ. அன்னையிலேருந்து டம்ளரக்கூட அவுகளாத் தூக்கல தம்பி. சவரம் செய்யல. சட்டப் பித்தான நாந்தான் போட்டுவிடணும். ஏன் இப்படிச் செய்யுதியன்னு கேட்டா, 'வேலைக்கு நிக்கும்னு நினைச்சேன், வேலைக்கும் நிக்கல, இனி இந்தக் கைய நம்பி என்ன செய்ய'ம்பாவ. சோறும் நாந்தான் ஊட்டுனேன்."

என் பையில் மரை அளக்கும் தகடுகள் இருந்தன. எடுத்து, இருபத்தாறாம் தகட்டைப் போல்ட்டில் வைத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தேன். பல்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவே வெளிச்சம் கோடுகோடாக ஒழுகியது. ஒரு எம்.எம். தகட்டை வைத்தேன். வெளிச்சமே இல்லை. கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்குத் தெரிந்த விஷயத்தை அந்தத் தகடு திரும்பச் சொன்னது, அவ்வளவுதான்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "துளையில துரு இருக்கு மதினி. மருந்து போட்டுத்தான் எடுக்கணும். அடுத்த வாரம் வாறேன்" என்று சொல்லி, போல்ட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். சாப்பிட்டுப் போகச் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றேன். அதுவும் பொய்.

பட்டறைக்கு வந்து பல்சக்கரங்களை எடுத்தேன். பல்லின் அடியில் அன்றைய சந்தனம் காய்ந்து கட்டியாக ஒட்டியிருந்தது. ஊசியால் குத்திக் குத்தி எடுத்தேன். சாமிக்கு வைத்த சந்தனத்தைக் காப்பாற்றிய நான், அந்த மனிதருக்குக் கொடுத்த வாக்கை ஒப்புக்கு முடித்திருக்கிறேன். அவருடைய கையைக் குறை சொல்லவும் எனக்கு வாய் இருந்தது. புதிதாகப் பன்னிரண்டு கடைந்தேன். ஓர் இரும்புக் கட்டையில் ஆழமாக மரை வெட்டி, ஒவ்வொன்றையும் அதில் கடைசிவரை ஏற்றிப் பார்த்தேன். இந்த வேலையை முதலிலேயே செய்ய அரை நாள்தான் பிடித்திருக்கும்.

அந்த ஒரு வாரமும் எனக்குள் ஒரு வழக்கு நடந்தது. போன மனிதர் வரப்போவதில்லை. இந்த அம்மாவுக்குக் கதவு மாட்டினால் போதும். துரு என்று சொன்னதை அப்படியே விட்டுவிடலாம். நான் போட்டு உடைத்தால் அவருக்கு வருத்தம்தானே கூடும் என்று நியாயம் பேசினேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் நியாயம் என்பது பேசும்போதே தெரிந்தது.

மறுபடி போனேன். அந்த அம்மா கதவைப் பிடிக்க, முதல் போல்ட்டைத் திருகினேன். ஏழு தாண்டி, எட்டு தாண்டி, பதினைந்து சுற்றும் போய்த் தலை கீலின் குழியில் உட்கார்ந்தது. இரண்டாவதும் போனது. நான் மூன்றாவதை எடுத்தபோது அவர் சொன்னார்:

"பாத்தியளா தம்பி, ஒங்க கைக்கு எப்படிப் போவுதுன்னு. அவுக கைதான் பாவம், ஒண்ணுக்கும் ஆவாமப் போச்சு."

என்னால் மூன்றாவதைத் துளையில் வைக்க முடியவில்லை. நான் பேசாமல் இருந்தால், இன்று நன்றாக மாட்டிய கதவே பெரியவரின் கைக்கு எதிரான சாட்சியாக அந்த வீட்டில் நிற்கும். கதவுக்கு அடியில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, அவரைக் கையை எடுக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சக்கரத்தில் சந்தனம் வைத்ததை, இருபத்தாறுக்குப் பதிலாக வேறு மரை வெட்டியதை, மெல்லிய நட்டைப் போட்டு ஏமாந்ததை, இவை புதிதாகச் செய்த போல்ட்டுகள் என்பதை. போனில் வயசாவுது என்று நான் சொன்னதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் காரின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சுதான் செஞ்சியளா?" என்று கேட்டார்.

"மரை வேறன்னு தெரியும் மதினி. இறுகும்னு அப்பந் தெரியல."

"அவுக போன் பண்ணும்போது?"

"லேசாத் தெரிஞ்சுது" என்றேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும், அது எனக்குப் பழக்கமான பாஷை. "அன்னைக்கே சொல்லிருக்கணும்லா" என்றார். அவ்வளவுதான். சொல்லியிருக்க வேண்டும். இதற்குமேல் அதில் எழுத ஒன்றுமில்லை.

பிறகு என் பக்கம் வந்து கையை நீட்டினார். என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. "பழசுல ஒண்ணு, புதுசுல ஒண்ணு குடுங்க" என்றார். பழையவையும் என் பையில்தான் கிடந்தன. கொடுத்தேன். முதலில் பழையதை எடுத்து, இன்னும் கதவு மாட்டாத மறுபக்கத் தூணின் துளையில் வைத்து, கொழுந்து கிள்ளிக் காய்த்த அந்த இரண்டு விரல்களால் திருகினார். வாய்விட்டு எண்ணினார். ஏழில் நின்றது. அழுத்திப் பார்த்தார், அசையவில்லை. கழற்றி என் கையில் வைத்தார். புதியதைத் திருகினார். ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்ணிக்கொண்டே போனவரின் குரல் பத்துக்கு மேல் உடைந்தது. எண்ணுவதை விட்டுவிட்டு, திருகுவதை மட்டும் விடாமல் கடைசிவரை திருகி முடித்தார். தலை தூணில் ஒட்டியபின்பும் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"அவுக கையிலயும் இப்படித்தான் போயிருக்கும், என்ன?"

"இப்படியேதான் போயிருக்கும் மதினி. அவுக கையில ஒரு கோளாறுமில்ல. என் பட்டறையில நட்ட ஓட்டுனாவல்லா, கை நின்ன நிலையா நின்னுச்சு. நான் பாத்தேன்."

மீதியை நானே மாட்டினேன். அவர் கதவைப் பிடித்தார். இரண்டு கதவும் ஏறியபின் சாத்திப் பார்த்தேன். கனமாக, இடைவெளி இல்லாமல் மூடிக்கொண்டன. வேண்டுமானால் பேட்டரி கொண்டுவந்து போட்டு, கோயில் வரைக்கும் நான் ஓட்டிக் காட்டட்டுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் தலையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றார். முன் சீட்டுக் கதவின் கைப்பிடியைச் சேலை முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

சாமான்களைப் பையில் போட்டு, சொல்லிக்கொண்டு போகலாம் என்று பின்வாசலுக்குப் போனேன். உள்ளே கூடத்துச் சுவரில் பெரியவரின் படம் மாட்டியிருந்தது. அந்த அம்மா அதன் முன்னால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கேட்டியளா? போல்ட்டுதான் தப்பாம். ஒங்க கையில ஒண்ணுமில்லையாம்."

நான் சொல்லிக்கொள்ளாமலே வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன்.